உங்கள் மாவட்டத்தில் வாய்ப் புற்றுநோய் எவ்வளவு? கணக்கிடும் முறை

கொங்கு நாட்டில் வாய்ப் புற்றுநோயின் அளவை அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கோவையின் பெரிய மருத்துவமனைகளில் நோயாளிகளை எண்ணத் தொடங்குகிறார்கள். அந்தக் கணக்கு தவறாகத்தான் முடியும். கோவைக்குப் பாலக்காட்டிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஈரோட்டுக்காரர் ஒருவரோ சென்னை அடையாறுக்குப் போயிருப்பார். ஆகவே எண்ண வேண்டியது மாவட்டத்தில் குடியிருப்பவர்களை. குறைந்தது ஓராண்டு குடியிருந்தவரைச் சேர்ப்பது புற்றுநோய்ப் பதிவேடுகளின் வழக்கம் என்பதால், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத்தவரும் அந்த அளவில் இக்கணக்கில் வருவார்கள். இவ்வாறு மக்களை அடிப்படையாகக் கொண்ட பதிவேடு ஒன்று, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில், திண்டுக்கல் மாவட்டத்துக்காக 2003இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான பதிவுப் பணி 2012இல் தொடங்கியது. சொந்தமாக எண்ணுவதற்கு முன் இவற்றின் அறிக்கைகளைப் படித்துவிடுவது நல்லது.

அடுத்து, எதை எண்ணுகிறோம் என்று வரையறுக்க வேண்டும். உதடு, நாக்கு, ஈறு, வாயின் அடித்தளம், அண்ணம், கன்னத்தின் உட்புறம் ஆகியவை சேரும். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'வாய்ப்புத்து' என்றாலும் டான்சிலும் குரல்வளையும் சேரா. புகையிலை போடுபவர் வாயில் காணும் வெள்ளைப் படலம் புற்றாக மாறக்கூடியது, ஆனால் புற்று அன்று. அதைத் தனியே குறித்துக்கொள்ளலாம்.

மிகுந்த பொறுமை கேட்கும் வேலை, ஒருவரை இருமுறை எண்ணாமல் இருப்பது. ஈரோட்டில் சதைப் பரிசோதனை, கோவையில் அறுவை, வேறோர் ஊரில் கதிர்வீச்சு என்று ஒரே மனிதர் மூன்று ஏடுகளில் இடம்பெறுவார். பழனிசாமிகளும் சின்னசாமிகளும் நிறைந்த நம் பகுதியில், அதிலும் ஆங்கிலத்தில் ஒவ்வோர் ஏட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்படும்போது, பெயரை மட்டும் நம்ப இயலாது. தந்தை பெயர், வயது, ஊர், முதன்முதலில் நோய் உறுதியான நாள் ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும்.

பிறகு வகுத்தல். ஓராண்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 200 பேர், மக்கள்தொகை 25 லட்சம் என்று வைத்துக்கொண்டால், விகிதம் லட்சத்துக்கு 8. ஆனால் 2011 மக்கள்தொகையை அப்படியே எடுத்தால் விகிதம் கூடிவிடும். கணக்கிடும் ஆண்டுக்கான மதிப்பீடு தேவை. 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து திருப்பூர் பிரிந்ததால், அதற்கு முந்தைய எண்களைப் பிந்தையவற்றோடு நேராக ஒப்பிடவும் கூடாது.

முதியோர் மிகுந்த ஊரில் இந்நோய் இயல்பாகவே அதிகம் தெரியும். ஆதலால் ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஆண் பெண் தனித்தனியே விகிதம் கண்டு, உலகத் தர மக்கள்தொகைக்கு, அதாவது ஒப்பீட்டுக்காக எல்லோரும் பொதுவாகக் கொள்ளும் வயதுப் பங்கீட்டுக்கு, ஏற்பச் சீராக்கிய பின்னரே வேறு பகுதியோடு ஒப்பிடலாம். 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.44 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் வந்ததாக உலக மதிப்பீடு கூறுகிறது. அதை மக்கள்தொகைப்படி பங்கிட்டு நம் மாவட்டத்துக்கு எடுத்துக்கொள்வது, புகையிலைப் பழக்கம் எங்கும் ஒன்றே என்று கொள்வதாகிவிடும். வட்ட அளவில் பார்ப்போர் ஐந்தாண்டு எண்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு வட்டத்தில் 4 பேர் அடுத்த ஆண்டு 8 பேரானது தற்செயலாகவும் இருக்கலாம்.