ராஜா செத்தால் அடுத்தது யார்? கற்பனை நாட்டுக்கு வாரிசு விதியும் மாயப்பொருளும் எழுதும் முறை

மாயாஜாலக் கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் வரைபடம் போட்டுவிடுவார்கள், மலைக்கும் ஆற்றுக்கும் பேர் வைத்துவிடுவார்கள். ஆனால் ராஜா செத்தால் அடுத்தது யார் என்று கேட்டால் ‘மூத்த மகன்தான்’ என்று யோசிக்காமல் பதில் வரும். கூடவே ஒரு வாள், உண்மையான வாரிசு தொட்டால் ஒளிரும். சரி, மூத்த மகன்தான் வாரிசு, அவன் தொட்டால்தான் வாள் ஒளிரும் என்றால் அந்த நாட்டில் சண்டை எதற்கு? விதியும் பொருளும் ஒரே ஆளைக் கைகாட்டினால் கதை முதல் பக்கத்திலேயே படுத்துவிடும். இரண்டையும் தனித்தனியாக, வேறு வேறு காரணத்துக்குப் பிறந்தவையாக எழுதிவிட்டு அப்புறம் மோதவிட வேண்டும்.

நான் தக்கலைக்காரன். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் பத்மநாபபுரம் கொட்டாரத்தை, அதாவது திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய அரண்மனையை, சுற்றிக் காட்டுவது என் வேலை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் ‘ராஜாவோட மகன் எந்த ரூம்ல இருப்பான்?’ என்று கேட்பார். அங்கேதான் விஷயமே இருக்கிறது. திருவிதாங்கூரில் ராஜாவின் மகன் இளவரசன் இல்லை, ராஜாவின் சகோதரி மகன்தான் அடுத்த ராஜா. இதற்குப் பேர் மருமக்கள்வழி, இங்கே மருமகன் என்றால் சகோதரி மகன். 1729-ல் ராமவர்மா இறந்ததும் பட்டத்துக்கு வந்தது மருமகன் மார்த்தாண்டவர்மா. மகன்களான பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் ‘எங்களுக்கு ஏன் இல்லை’ என்று எதிர்த்து நின்றார்கள், கடைசியில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது ஒன்றும் உலகத்தில் இல்லாத நியாயம் அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனால் மகனுக்குப் பட்டம் என்பதுதான் வழக்கம். கணவாய்க்கு அந்தப் பக்கம் உரிமை, இந்தப் பக்கம் துரோகம். வில்லுப்பாட்டுக்காரர்கள் இதே கதையைத் தம்பிமார் பக்கம் நின்று பாடுவார்கள், கேட்டால் யார் வில்லன் என்று குழம்பிவிடும். உங்கள் கதையிலும் தோற்கிறவனுக்கு அந்த அளவு நியாயம் இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் விதியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அரை வாக்கியம் கூடக் கூடாது. எழுதியதும் அந்த விதியால் வயல் யாருக்குப் போகிறது, யார் வீட்டைவிட்டு இறங்க வேண்டும் என்று பாருங்கள். வாரிசு விதி என்பது சிம்மாசனத்தோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை, சாதாரண வீட்டுக்குள்ளும் வரும். நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழிக் குடும்பத்தில் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், கண்ணை மூடினால் சொத்து மருமகனுக்கு, மனைவியும் பிள்ளைகளும் வாசலில். அந்தக் கூத்தைக் கவிமணி கிண்டலாகவே பாட்டில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் நாட்டில் ஒரு தயிர்க்காரியின் வீட்டில் இந்த விதி என்ன செய்கிறது என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் விதி இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது.

அடுத்து விதியைச் சோதிக்க வேண்டும். சோதிப்பது சுலபம், ஒவ்வொருத்தராகக் கொன்றுகொண்டே வாருங்கள். மருமக்கள்வழியில் ராஜாவுக்குச் சகோதரியே இல்லை என்றால்? திருவிதாங்கூர்க் குடும்பம் வடக்கே கோலத்துநாட்டிலிருந்து பெண்களைத் தத்தெடுத்தது. ஆண்பிள்ளைக்கு ஏங்குகிற அரண்மனையை ஆயிரம் கதையில் படித்தாயிற்று, பெண்பிள்ளை வேண்டுமென்று ஊர் ஊராக ஆளனுப்பும் அரண்மனை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். வாரிசு கைக்குழந்தை என்றால்? சுவாதித் திருநாள் பிறந்தது 1813-ல், அம்மா கௌரி லட்சுமிபாய் இறந்தது 1815-ல். அதிலிருந்து 1829 வரை சித்தி கௌரி பார்வதிபாய்தான் நாட்டைப் பார்த்துக்கொண்டார். இரட்டைப் பிள்ளை, காணாமல்போய்த் திரும்பி வந்த அண்ணன் என்பதெல்லாம் அடித்துத் துவைத்த சங்கதி, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பொருள். அது என்ன செய்யும் என்பதைவிட, அது யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். சோழனிடம் தோற்ற பாண்டியன் ராஜசிம்மன் தன் குலத்து மணிமுடியை ஈழத்து அரசனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். முதலாம் பராந்தகன் அதைப் பிடுங்கப் பார்த்து முடியாமல் திரும்பினான், பல பத்தாண்டு கழித்து ராஜேந்திரன் கடல் கடந்து போய்த்தான் கொண்டுவந்தான். மதுரை கையில் இருந்தும் அந்த முடி இல்லாமல் சோழனுக்கு மனசு ஆறவில்லை பாருங்கள், ஒரு மந்திரமும் இல்லாத வெறும் பொன் அது.

வாளே வேண்டும் என்று அடம்பிடித்தால், வாளைக் கொடுக்கிற கையைப் பற்றி எழுதுங்கள். மார்த்தாண்டவர்மா 1750-ல் நாட்டையும் உடைவாளையும் பத்மநாபசுவாமியிடம் ஒப்படைத்துவிட்டு, பத்மநாபதாசனாக வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ராஜாவை எதிர்க்கிறவன் சாமியை எதிர்க்கிறவன். இன்றைக்கும் நவராத்திரிக்கு எங்கள் ஊர்ச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் முன்னால், கொட்டாரத்து உப்பரிகை மாளிகையில் உடைவாளைக் கைமாற்றுகிறார்கள். கொட்டாரம் நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. இதைக் கற்பனையில் எழுதியிருந்தால் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பொருளுக்குச் சக்தி கொடுத்தால் அதன் தொந்தரவையும் சேர்த்துக் கொடுங்கள். கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கென்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்து வைத்திருப்பதாகவும் எங்கள் பக்கம் சொல்வார்கள். மூக்குத்தி யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, அதன் வேலை ஒளிர்வது. கெடுதல் வந்ததும் மனுஷன் ஒரு கதவைப் பூட்டினான், ஒரு வழக்கம் பிறந்தது. மாயத்திலிருந்து சட்டம் பிறக்கிற வழி இதுதான்.

இரண்டையும் மோதவிடுவதற்கு நான் போட்டு வைத்திருக்கும் ஒரு நாடு. பேர் ஏலாநாடு. விதி: ராஜாவின் சகோதரிக்குப் பிறந்த மூத்த மகன். பொருள்: அயினி மரத்தில் கடைந்த ஒரு மரக்கால், நெல் அளக்கிற பாத்திரம். அது அரண்மனையில் இல்லை, களத்தில் நெல் அளக்கிற ஒரு வீட்டில் பரணில் கிடக்கிறது. பொய்யாக அளப்பவன் கையில் நெல் பதராகும், அவ்வளவுதான் அதன் சக்தி. ரத்தம், குலம் எதுவும் அதற்குத் தெரியாது. பட்டத்துக்கு வருகிறவன் கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்பில் முதல் மரக்காலை அளக்க வேண்டும். மருமகன் அளக்கிறான். முதல் அளவை ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்குவார்கள், அவன் ‘ஒன்று’ என்கிறான். களத்தில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்கிறார்கள். தலைதட்டிய நெல் அவன் கண்ணெதிரே வெளுத்துப் பதராகிக் காற்றில் பறக்கிறது. அப்புறம் ராஜாவின் மகன் அளக்கிறான், நெல் நெல்லாகவே நிற்கிறது. விதி ஒருத்தனைச் சொல்கிறது, மரக்கால் இன்னொருத்தனைச் சொல்கிறது. அளவுக்கார வீட்டுக் கிழவிக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று தெரியும்: மரக்காலின் அடிப்பலகை அவள் மாமனார் காலத்திலேயே உளுத்துப்போய், சாதாரணப் பலாப்பலகை வைத்துத் தைத்தது. அவள் வாயைத் திறப்பாளா? அதில் மட்டும் எனக்கு நூறு பக்கம் போகும்.

கடைசியாக, வசனம் எழுதும் முன் உறவுமுறையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மருமக்கள்வழி நாட்டில் ‘மாமா’ என்பது அதிகாரமும் பயமும் கலந்த சொல், ‘அப்பா’ என்பது செல்லச் சொல். சபையில் ராஜாவை அவர் மகன் என்னவென்று கூப்பிடுவான்? ஏலாநாட்டில் அவன் ‘தம்புரானே’ என்றுதான் கூப்பிட வேண்டும். ‘அப்பா’ என்று வாய்விட்டுச் சொல்வது கதையிலேயே ஒரு தடவைதான், களத்தில், மரக்காலில் நெல் அப்படியே நிற்பதைப் பார்த்து. அதைக் கேட்க ராஜா உயிரோடு இல்லை.