எருது விடும் விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று இன்று நான்காகப் பிரிந்து கிடக்கும் பழைய வடஆற்காட்டில், பொங்கல் முடிந்த கையோடு ஊர் ஊராக மாடு விடத் தொடங்கிவிடுவார்கள். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே திமிலைப் பிடித்துத் தொங்கும் வேலை கிடையாது. மாடு தனியாக ஓடும், போட்டி நேரத்தோடுதான். வாடிவாசலில் விட்ட மாடு எல்லைக்கோட்டை எத்தனை நொடியில் தாண்டியது என்று பார்ப்பார்கள். குறைந்த நொடிக்கு முதல் பரிசு. எனவே பார்க்க வந்தவர் மாட்டுக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி வழியை விடுவது. தெருவில் ஆள் நின்றால் மாடு தயங்கும், ஒதுங்கும், சில சமயம் திரும்பியே விடும். அதில் கால் நொடி போனாலும் பரிசு கைமாறும். மாட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் திட்டுவது சும்மா இல்லை.

முதலில் தேதி. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது, 2017-இல் அதை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் வந்தது, அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் இடங்களில் மட்டுமே நடத்தலாம். எருது விடும் விழாவும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. அனுமதி தாமதமானால் தேதி தள்ளிப்போகும். சுவரொட்டியில் பார்த்த தேதியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். முந்தின நாள் மாலை அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஊரில் ஆள் தெரியாதென்றால் செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போய்ப் பேச்சுக் கொடுங்கள். அணைக்கட்டு, கே.வி.குப்பம், கணியம்பாடி பக்கம் அடுத்து எங்கே விடுகிறார்கள் என்று அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. பெரும்பாலும் மதியம் 2 மணிக்குள் முடிக்கச் சொல்லித்தான் அனுமதி தருவார்கள், அதனால் காலையில் தொடங்கி மாடுகளை அடுத்தடுத்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். 8 மணிக்குள் ஊருக்குள் இருந்தால் இடம் கிடைக்கும். வண்டியை ஊர் எல்லைக்கு வெளியிலேயே, ரோட்டைப் பார்த்த மாதிரி திருப்பி நிறுத்துங்கள். மாடு ஏற்றி வந்த டாடா ஏஸ்களும் டிராக்டர்களும் சந்து முழுக்க அடைத்துவிட்டால், உள்ளே விட்ட வண்டியைச் சாயங்காலம்தான் எடுக்க முடியும். மாடுகள் ஓடிவந்து நிற்கும் வயல் பக்கம் நிறுத்தவே கூடாது.

எங்கே நிற்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் கட்டை கட்டித் தடுப்பு போட்டிருப்பார்கள். தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மாடு நொடிக்கு 10 மீட்டர் கடக்கும். 30 மீட்டர் தள்ளித்தானே வருகிறது என்று செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பவருக்கு ஒதுங்கக் கிடைப்பது 3 நொடி. பக்கத்தில் கூட்டம் நெருக்கினால் அதுவும் இல்லை. பல ஊர்களில் இளைஞர்கள் தெருவுக்குள்ளேயே நின்று ஓடும் மாட்டைத் தட்டிவிடுவதைப் பார்ப்பீர்கள். விதிப்படி அது கூடாது. குத்துப்பட்டதாகச் செய்தியில் வருகிறவர்களில் பலர் அப்படி நின்றவர்களும் தடுப்பில்லாத இடத்தில் நின்றவர்களும்தான். அவர்கள் நிற்கிறார்களே என்று நீங்களும் இறங்காதீர்கள்.

தடுப்பிலும் கையையும் தலையையும் உள்ளே நீட்டக் கூடாது. மாடு தடுப்பை உரசிக்கொண்டு ஓடும்போது கொம்பின் வீச்சு வெளிப்பக்கம் வரும். தடுப்பு முடியும் இடம், சந்து வந்து சேரும் இடம், தெரு வளையும் இடம், இந்த மூன்றிலும் நிற்காதீர்கள். மிரண்ட மாடு இடைவெளியைத்தான் தேடும்.

முதல்முறைக்கு மாடிதான் நல்லது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அங்கேதான் இருப்பார்கள். ஆனால் கான்கிரீட் தளமும் கைப்பிடிச் சுவரும் உள்ள மாடியாகப் பாருங்கள். ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சன்ஷேடு ஆகியவற்றின் மேல் ஏறாதீர்கள். இருபது பேர் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் அது தாங்காது. ஓட்டப்பாதையின் நடுப்பகுதிக்கு நேரான மாடி கிடைத்தால் வாடியில் விடுவதும் தெரியும், முழு வேகமும் தெரியும்.

செருப்பு வேண்டாம், கட்டிய ஷூ போடுங்கள். தழையும் வேட்டி, தொங்கும் துப்பட்டா தடுப்புக் கட்டையில் மாட்டிக்கொள்ளும். சிவப்புச் சட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். மாட்டுக்குச் சிவப்பு நம்மைப் போல் தெரியாது, அதை மிரட்டுவது அசைவும் சத்தமும்தான். துண்டு வீசுவதும் விசில் ஊதுவதும் எந்த நிறத்திலும் ஆபத்து. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் ஒரு தொப்பியும் கட்டாயம். மாசி பிறந்துவிட்டால் வேலூர் வெயில் 11 மணிக்கே சுடும். கம்பங்கூழும் மோரும் தெருமுனையில் கிடைக்கலாம், சாப்பாட்டை நம்ப வேண்டாம்.

மாடு கட்டியிருக்கும் தோப்புப் பக்கம் போக ஆசை வரும். போகலாம், ஆனால் மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, மாட்டின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில் போங்கள். பின்னாலிருந்து போனால் உதைக்கும், நேர் எதிரே நின்றால் முட்ட வரும். கொம்பு, சலங்கை, பலூன் எதையும் தொடாதீர்கள். கால்நடை மருத்துவர் பரிசோதிக்கும் இடத்தில் கூட்டம் போடாதீர்கள். அங்கே மிரண்ட மாடு வாடியில் ஒழுங்காக ஓடாது.

இனி ஓட்டம். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நாலைந்து பேர் மாட்டை வாடிக்குக் கொண்டுவருவார்கள். மைக்கில் மாட்டின் பேரும் ஊரும் சொல்வார்கள். கயிற்றை விட்டதும் முதல் பத்து மீட்டரைக் கவனியுங்கள். நல்ல மாடு தலையைத் தாழ்த்தி நேரே போகும். பழகாத மாடு பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்துத் தலையைத் தூக்கும், அங்கேயே நொடி போய்விடும். எல்லையில் டிஜிட்டல் பலகையில் நேரம் புள்ளிக்குப் பின் இலக்கங்களோடு வரும். ஒரு நோட்டில் மாட்டின் பேரும் நொடியும் எழுதிக்கொண்டே வந்தால் பத்து மாட்டுக்குள் எது பரிசுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும், விழாவின் சுவையும் அதில்தான் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே ஓர் ஊர் நொடியை இன்னோர் ஊர் நொடியோடு ஒப்பிட்டு வாதம் செய்யாதீர்கள்.

யாராவது குத்துப்பட்டால்: கொம்புக் காயம் வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். குடிக்கக் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஊரிலேயே மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் நிற்கும், இல்லையென்றால் 108. வேலூர்ப் பக்கம் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வயிற்றிலோ மார்பிலோ பட்டவர் எழுந்து நடந்தாலும் அனுப்பியே ஆக வேண்டும். கீறலாக இருந்தாலும் டெட்டனஸ் ஊசி போடச் சொல்லுங்கள்.

எல்லைக்கோட்டுக்கு அப்பால் மட்டும் போகவே கூடாது. வேகம் அடங்காத மாடு அங்கே எந்தப் பக்கமும் திரும்பும், தடுப்பும் இருக்காது. பிடிபடாமல் ஓடிய மாடுகள் வயல்வெளியில் நெடுநேரம் அலையும். இந்தப் பக்கத்து விவசாயக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஆட்கள் துரத்தத் துரத்த மாடு கிணற்றில் விழுவதும் உண்டு, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டித் தூக்க வேண்டியிருக்கும். திரும்பும் வழியில் தனியாக ஓர் எருதைப் பார்த்தால் துரத்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டி, அது போக விட்டு, எந்தப் பக்கம் போனது என்று விழாக் குழுவுக்கோ தேடி வரும் மாட்டுக்காரருக்கோ சொல்லுங்கள்.