கனவென்று அறிந்ததும் விழித்துக்கொள்ளும் சிக்கல்: என் அனுபவம்

கனவு காணும்போதே அது கனவு என்று உணர்வதும், உணர்ந்த மறுகணமே விழித்துக்கொள்வதும் எனக்கு நெடுநாள் சிக்கலாக இருந்தது. கனவென்று கண்டறிவது அவ்வளவு கடினமன்று. விழித்தவுடன் அசையாமல் படுத்தபடி கனவை நினைவுகூர்ந்து குறிப்பேட்டில் எழுதிவந்ததில், படிக்காத பாடத்தில் தேர்வு எழுதுவதே எனக்கு அடிக்கடி வரும் கனவு என்று தெரிந்தது; அதுவே கனவென்று அறியும் அடையாளமாயிற்று. பகலில் மூக்கைப் பொத்தி மூச்சிழுத்துப் பார்க்கும் பழக்கமும், கனவிலும் தொடர்ந்ததால், உதவியது. கனவில் பொத்திய மூக்கின் வழியாகவும் காற்று தாராளமாக வரும்.

அறிந்த கனவை நிலைக்கவைப்பதுதான் பெரும்பாடு. அறிந்த உடனே பறக்கவோ காட்சியை மாற்றவோ முயலாமல், முதலில் கனவிலுள்ள உள்ளங்கைகளைத் தேய்த்து, அந்த உராய்வையும் சூட்டையும் கவனித்து, பிறகு அருகிலுள்ள சுவரையோ மேசையையோ தொட்டுப் பார்க்கத் தொடங்கினேன். கவனம் கனவுடலில் தங்கும்வரை படுக்கையிலுள்ள உடல் குறுக்கிடுவதில்லை என்பது என் கணிப்பு. காட்சி மங்கும்போது நின்ற இடத்திலேயே சுழலும்படி இத்தகைய அறிந்து காணும் கனவுகளை ஆராய்ந்த ஸ்டீவன் லபெர்ஜ் பரிந்துரைத்தார். எனக்கோ அது காட்சியையே மாற்றிவிடுவதால், கை தேய்ப்பதையே விரும்புகிறேன்.

கண்கள் விரைந்து அசையும் ஆர்இஎம் உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்வதால், ஏறத்தாழ 5 மணி நேரம் உறங்கி எழுந்து, சற்று விழித்திருந்து, அடுத்த கனவை அறிந்துகொள்வேன் என்று எண்ணியபடி மீண்டும் படுப்பது நல்ல பலன் தந்தது. உறக்கம் கெடுமாதலால், மறுநாள் ஓய்வுள்ள இரவுகளில் மட்டுமே இதைச் செய்கிறேன். காட்சியை மாற்றுவதற்கு, கடல் தோன்றட்டும் என்று கட்டளையிடுவதைவிட, கதவுக்கு அப்பால் கடல் இருப்பதாக எதிர்பார்த்துத் திறப்பதே எளிது.