கண்டென்சர் மைக்கை ஹாம் ரிக்கோடு இணைப்பது எப்படி

பாட்டுப் பதிவுக்கோ யூடியூபுக்கோ வாங்கிய ஸ்டுடியோ கண்டென்சர் மைக் வீட்டில் இருந்தால் அதை ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியில்) தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த மைக் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் கேட்கும், எஸ்எஸ்பி-யில் (ஹாம்கள் குரலுக்குப் பயன்படுத்தும் குறுகிய அலை முறையில்) வெளியே போவதோ 3 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவான ஒரு துண்டு. அதனால் மைக்கின் விலை எதிர்முனைக்குக் கேட்காது; மைக்குக்குள் எதை விடுகிறீர்கள், அதில் எதை வெட்டுகிறீர்கள் என்பதுதான் கேட்கும்.

பலரிடம் இருக்கும் ஐகாம் ஐசி-7300 ரிக் (அனுப்பவும் கேட்கவும் ஆன ரேடியோ பெட்டி), ஆடியோ-டெக்னிகா ஏடி2020 மைக், பெஹ்ரிங்கர் ஜெனிக்ஸ் 802 மாதிரி ஒரு சின்ன மிக்ஸர், இந்த மூன்றையும் வைத்தே சொல்கிறேன். வேறு ரிக் என்றால் மைக் சாக்கெட்டின் பின் வரிசையை அதன் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டும்.

முதலில் மின்சாரம். இந்த மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும். ரிக்கின் மைக் சாக்கெட்டில் 2-ஆம் பின்னில் வருவது 8 வோல்ட், அது இதற்குப் போதாது. ஆகவே மைக் மிக்ஸருக்குப் போகட்டும், மிக்ஸரின் அவுட்புட் ரிக்குக்கு வரட்டும். கேபிளைச் செருகிய பிறகே, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பேன்டமைப் போடுங்கள்.

அடுத்ததுதான் பலர் கோட்டைவிடும் இடம். மிக்ஸர் அவுட்புட் ஒரு வோல்ட்டை ஒட்டி வரும், ரிக்கின் மைக் இன்புட் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நேராகக் கொடுத்தால், மைக் கெயினை எவ்வளவு குறைத்தாலும் குரல் கிழிந்துதான் போகும். 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகவும் 100 ஓம் ஒன்றைக் குறுக்காகவும் (சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே) போட்டால் சிக்னல் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகிவிடும், அதாவது 40 டெசிபல் குறையும். இந்த இரண்டையும் ரிக் பக்கத்து பிளக்கிலேயே வையுங்கள், அப்போதுதான் வழியில் கேபிள் பிடிக்கும் ஹம்மும் சேர்ந்து குறையும். ஐகாமில் 1-ஆம் பின்னிலேயே கைமைக்குக்குள் இருக்கும் சின்ன எலெக்ட்ரெட் மைக்குக்கான டிசி இருப்பதால், ரெசிஸ்டருக்கும் அந்தப் பின்னுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கட்டாயம், அதன் பாசிட்டிவ் கால் ரிக்கைப் பார்த்து இருக்க வேண்டும். மிக்ஸர் பக்கம் 1:1 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் சேர்த்துவிட்டால் கிரவுண்ட் லூப் ஹம் (இரண்டு கருவிகளின் கிரவுண்ட் சேர்வதால் வரும் உறுமல்) பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும், சில நூறு ரூபாய் சமாசாரம், தயங்காமல் போடுங்கள்.

ஸ்டுடியோ மைக்கில் பிடிடி (அழுத்திப் பேசும்) பட்டன் கிடையாது. 5-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே கால் சுவிட்ச் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வாக்ஸ் (சத்தம் கேட்டதும் தானாக டிரான்ஸ்மிட் ஆகும் வசதி) வேண்டாம், ஃபேன் சத்தத்துக்கே ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும். ஸ்பீக்கரை அணைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

இப்போது அறை. நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நெட்டில் (பல ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவதில்) உட்கார முடியாது, அது எனக்கும் தெரியும். ஏடி2020 கார்டியாய்டு வகை, முதுகுப் பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். அதனால் ரிக், பவர் சப்ளை, லீனியர் (பவர் ஆம்ப்ளிஃபயர்) இவற்றின் கூலிங் ஃபேன்கள் மைக்கின் முதுகைப் பார்க்கும்படி வைத்து, சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல் உட்காருங்கள். லோகோ இருக்கும் பக்கம்தான் மைக்கின் முகம், அதன் தலை உச்சியில் பேசினால் குரல் மங்கிவிடும். நான்கைந்து விரல் இடைவெளி, நடுவே பாப் ஃபில்டர். நெருங்கிப் பேசப் பேச மிக்ஸரில் கெயினைக் குறைக்கலாம், கெயின் குறைந்தால் அறைச் சத்தமும் குறையும். நெருங்கினால் அடிக்குரல் கூடும்தான், அதை ஈக்யூவில் (மிக்ஸரின் லோ, மிட், ஹை குமிழ்களில்) வெட்டிவிடலாம்.

உங்கள் மிக்ஸரில் லோ கட் (அடிச்சத்தத்தை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் போடுங்கள், லோ குமிழை நன்றாகக் குறையுங்கள், மிட் குமிழை 4 முதல் 6 டெசிபல் வரை ஏற்றுங்கள். அந்த மிட் 2.5 கிலோஹெர்ட்ஸில் இருப்பது நல்லதாகப் போயிற்று, "ச", "ட", "க" போன்ற மெய்கள் தெளிவாகக் கேட்பது அந்தப் பகுதியால்தான். 12 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் ஹை குமிழைத் தொடவே வேண்டாம், ரிக் அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் மெலிந்து தெரியும், அது சரிதான், இரைச்சலுக்கு நடுவே 40 மீட்டர் அலைவரிசையில் ஊடுருவிப் போவது அந்தக் குரல்தான். ரிக்கின் டிரான்ஸ்மிட் அகலத்தை "மிட்" என்ற அமைப்பில், அதாவது 300 முதல் 2700 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். பக்கத்து அலைவரிசையிலும் ஆட்கள் பேசுகிறார்கள், நம் குரல் இனிமைக்காக அவர்கள் இடத்தை எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

பிறகு ரிக்கின் கம்ப்ரஸரை (மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் நெருக்கிக் கொண்டுவருவது) அணைத்து, சாதாரணமாகப் பேசும்போது ஏஎல்சி (டிரான்ஸ்மிட் அளவைத் தானாக அடக்கும் சுற்று) மீட்டர் அதன் கட்டத்தைத் தாண்டாதபடி மைக் கெயினை வையுங்கள். அதற்கப்புறம் கம்ப்ரஸரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். வார்த்தைகளுக்கு இடையில் ஃபேன் சத்தம் பொங்கி வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் டம்மி லோடில் (சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டுவது) சரியாக இருந்து, ஆன்டெனாவை மாட்டியதும் குரல் கரகரத்தால், அது ஆர்எஃப் (உங்கள் ரேடியோ அலையே) உள்ளே வருவது. கண்டென்சருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் இதற்குச் சீக்கிரம் ஆட்படும். 10 வாட்டில் தொடங்கி மெல்ல ஏற்றிப் பாருங்கள், எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். மைக் கேபிளையும் மிக்ஸர் அடாப்டர் ஒயரையும் 31 மிக்ஸ் வகை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டு சுற்று சுற்றுங்கள், டைபோல் ஆன்டெனாவின் நடுவில் பாலன் (கேபிளின் வெளி உறையில் ஆர்எஃப் ஓடாமல் தடுப்பது) இல்லாவிட்டால் அதை முதலில் போடுங்கள், பாதி தொல்லை அங்கிருந்துதான் வருகிறது.

கடைசியாக, ரிக்கின் மானிட்டரை மட்டும் நம்பாதீர்கள். இணையத்தில் திறந்திருக்கும் கிவிஎஸ்டிஆர் ரிசீவர் ஒன்றில் உங்கள் சிக்னலைப் பதிவு செய்து கேளுங்கள். நண்பர்களிடம் "ஆடியோ எப்படி" என்றால் "சூப்பர், ஃபைவ் நைன்" (மிக நல்ல சிக்னல்) என்றுதான் வரும். "நான் பேசாத நொடியில் பின்னால் என்ன கேட்கிறது, சிக்னல் மங்கும்போது என் கால் சைன் (அழைப்புக் குறி) புரிகிறதா" என்று கேளுங்கள். கைமைக்கில்தான் நன்றாகப் புரிகிறது என்று இரண்டு மூன்று பேர் சொன்னால், அந்த அறைக்கு டைனமிக் மைக்தான் பொருத்தம், கண்டென்சரைப் பதிவு வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.