நண்பர்கள், சின்னக் குழந்தைகள், இரண்டு நாள்: திடீர் நகரப் பயணத்துக்குக் கிளம்புவது எப்படி?

குழந்தை பிறந்த பிறகு நண்பர்களோடு வெளியூர் போவது என்பது "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போகும் காரியம். ஒரு வீட்டில் குழந்தை வளர்வதற்குள் இன்னொரு வீட்டில் அடுத்தது பிறந்துவிடும், அப்படியே வருடங்கள் ஓடிவிடும். தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இந்த வாரக் கடைசியிலேயே ஒரு இரவோ இரண்டு இரவோ பக்கத்து நகரம் ஒன்றுக்குப் போய்வரலாம். சொல்லப்போனால் மாதக்கணக்கில் திட்டமிட்டுப் போவதைவிட இப்படித் திடீரென்று கிளம்புவதுதான் சின்னக் குழந்தைகளுக்குச் சரிப்படும், ஏனென்றால் மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்து வைத்தால் அன்றைக்கு எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் என்று யாருக்குத் தெரியும்? நாளை மறுநாள் கிளம்புகிறோம் என்றால் யார் நலமாக இருக்கிறார்கள், மழை வருமா வராதா என்பதெல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

முன்கூட்டியே முடிவு செய்தே ஆக வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் உறுதியாக முடித்துவிட்டால் மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: ஊரை ஒரே மாலையில் முடிவு செய்யுங்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் "எங்கே போகலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. ஒருவர் பொறுப்பேற்று இரண்டே இரண்டு ஊர்களைச் சொல்லி, இன்று இரவுக்குள் பதில் வேண்டும் என்று கேட்கட்டும். வர முடியாதவர்கள் அடுத்த முறை வரட்டும். எல்லாருக்கும் தோதான நாளுக்குக் காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. இரண்டு அல்லது மூன்று குடும்பங்கள் போதும். அதற்கு மேல் போனால் சாப்பிட உட்காரவே இடம் கிடைக்காது.

வீட்டு வாசலிலிருந்து தங்கும் இடத்தின் வாசல் வரை மூன்று மணி நேரத்துக்குள் இருக்கும் ஊராகப் பாருங்கள். வரைபடம் காட்டும் நேரத்தை அப்படியே நம்பாமல் அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சிறுநீருக்கு நிறுத்த, டயப்பர் மாற்ற, விழுந்த பொம்மையைத் தேட எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரில் பூங்கா ஒன்றும், மழை வந்தால் ஒதுங்க அருங்காட்சியகம் மாதிரி கூரையுள்ள இடம் ஒன்றும் இருந்தால் போதும். பல நகரங்களில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, நீண்ட வாரக் கடைசியில் போகிறவர்கள் அதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: கூட்டத்திலேயே சின்னக் குழந்தையின் தூக்கம்தான் அட்டவணை

புதிதாகக் கிளம்புகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி வெளியிட்ட பரிந்துரைப்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரம். நாளில் கிட்டத்தட்ட பாதி அதிலேயே போய்விடுகிறது. அதைத் திருடி ஊர் சுற்றினால் சாயங்காலம் ஒரு குழந்தை அழ ஆரம்பிக்கும், அதைப் பார்த்து இன்னொன்று அழும்.

ஆகவே ஒரு நாளுக்குக் காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், நடுவில் அறைக்குத் திரும்பித் தூக்கம். அவ்வளவுதான், மூன்றாவது இடத்தை எழுதவே எழுதாதீர்கள். மதியம் எல்லாப் பெரியவர்களும் அறையில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. இருவர் தூங்கும் குழந்தைகளோடு இருக்கட்டும், மற்றவர்கள் தூங்க மறுக்கும் பெரிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டோ தனியாகவோ தெருக்களில் நடந்துவிட்டு வரட்டும், மறுநாள் இடம் மாறிக்கொள்ளுங்கள். நண்பர்களோடு போவதில் இருக்கும் மிகப் பெரிய வசதி இதுதான். தனிக் குடும்பமாகப் போனால் இது கிடைக்காது.

படி 3: தங்குமிடத்தில் கஞ்சம் வேண்டாம்

மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் தங்குமிடத்தின் இருப்பிடத்தில் பிடிக்காதீர்கள். மலிவாக இருக்கிறதென்று ஊருக்கு வெளியே அறை எடுத்தால் மதியத் தூக்கத்துக்குத் திரும்பவே முடியாது, முழு அட்டவணையும் சரிந்துவிடும். ஒரு பூங்காவுக்கோ ரயில் நிலையத்துக்கோ நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும்.

ஹோட்டலில் மூன்று தனி அறைகளைவிட, தனித்தனிப் படுக்கையறைகளும் பொதுவாக ஒரு கூடமும் உள்ள ஒரு வீடு எவ்வளவோ மேல். காரணம் எளிது. குழந்தைகள் எட்டரை மணிக்குத் தூங்கிவிட்டால், தனி அறையில் இருக்கும் பெற்றோர் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்! கூடம் இருந்தால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்து நள்ளிரவு வரை பேசலாம். அந்தப் பேச்சுக்காகத்தானே கிளம்பினோம்? வருடக்கணக்கில் "ஹாய், எப்படி இருக்கே" என்பதோடு நின்றுபோன நட்பெல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். இதை நான் மனதார நம்புகிறேன்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை: லிஃப்ட் உண்டா, தொட்டில் கிடைக்குமா, பால்கனியும் ஜன்னல்களும் எப்படிப் பூட்டுகின்றன, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா. உள்ளே நுழைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பெரியவர் எல்லா அறைகளையும் சுற்றி வரட்டும். பால்கனிக் கதவு, ஜன்னலுக்குக் கீழே ஏறி நிற்கத் தோதாக இருக்கும் நாற்காலி, தொங்கும் திரைச்சீலைக் கயிறு, குளியலறையில் கொதிக்கக் கொதிக்க வரும் வெந்நீர், எல்லாவற்றையும் பாருங்கள். ரிமோட்டில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதை உயரத்தில் தூக்கி வைத்துவிடுங்கள், விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடிய பொருள் அது.

படி 4: கிளம்பும் முன் ஒரு பேச்சு

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். அறைக் கணக்கு குடும்பவாரியாக, சாப்பாட்டுக் கணக்கு பெரியவர்கள் தலைக்கு, குழந்தைகளுக்குக் கணக்கில்லை: இது எனக்குச் சரியாகத் தோன்றும் முறை. நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கிளம்பும் முன் பேசியிருக்க வேண்டும். ஒருவரே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி ஒரு செயலியில் அவ்வப்போது போட்டு வைப்பது நல்லது.

பணத்தைவிட நுட்பமானது வீட்டுக்கு வீடு மாறும் விதிகள். ஒரு வீட்டுக் குழந்தைக்குச் சாப்பிடும்போது போன் உண்டு, இன்னொரு வீட்டில் கிடையாது. ஒரு வீட்டில் எட்டு மணிக்குப் படுக்கை, இன்னொரு வீட்டில் பத்து மணி. ஒரே மேஜையில் உட்காரும்போது இது கண்டிப்பாகச் சண்டையாகும், குழந்தைகளுக்கு நடுவில் மட்டுமல்ல. "இந்த இரண்டு நாளைக்கு மேஜையில் யாருக்கும் போன் கிடையாது, பெரியவர்களுக்கும்தான்" என்பது போல மூன்று நான்கு பொது விதிகளை முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். இனிப்பு, படுக்கை நேரம், அடுத்தவர் பிள்ளையைக் கண்டிக்கலாமா கூடாதா என்பதையும் பேசிவிடுங்கள். ஆபத்து என்றால் யாரும் யார் பிள்ளையையும் தடுக்கலாம், மற்ற கண்டிப்பெல்லாம் அந்தந்தப் பெற்றோருக்கு விட்டுவிடுவது நல்லது. எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாமை என்பதை எல்லாரும் பார்க்கும்படி குரூப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள், இது கட்டாயம்.

படி 5: பை

ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி, ஒரு தோள் பை. குழந்தைக்கு நாளுக்கு இரண்டு செட் உடை, கூட ஒன்று. டயப்பர் ஒரு நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும், மீதி போகிற ஊரிலும் விற்கும். மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருக்கும் காய்ச்சல் மருந்து (எடைக்கேற்ற அளவை மேலேயே எழுதி ஒட்டுங்கள்), ஓஆர்எஸ் பாக்கெட், வெப்பமானி, பிளாஸ்டர். தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் பொம்மையோ போர்வையோ கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வேண்டாம். விமானத்தில் போனால் பவர் பேங்க்கும் கைப்பையில்தான்; 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. ஸ்ட்ரோலர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொன்று வேண்டாம், எடை குறைந்த மடக்கு வகை ஒன்றிரண்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவைத்துவிடுங்கள்.

படி 6: வழியில்

குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்படி கிளம்புங்கள். பயணக் குமட்டல் 2 முதல் 12 வயதுக்குள்தான் அதிகம். புத்தகமும் திரையும் அதைக் கூட்டும், ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொன்னால் குறையும். காரில் போனால் நண்பர்களின் வண்டியிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கேற்ற கார் சீட் வேண்டும், கொஞ்ச தூரம்தானே என்று மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓடும் வண்டியில் கொட்டைகள் வேண்டவே வேண்டாம், திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

படி 7: எந்த நேரமும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஆள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஆறு பெரியவர்கள் இருக்கிறோம், குழந்தைகள் எங்கே போய்விடும் என்று தோன்றும். ஆனால் ஆள் கூடினால் கவனிப்பு கூடும் என்பதில்லை. ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற சத்தத்தைத் தனித்தனி அறைகளில் இருந்தவர்களைக் கேட்கவைத்தார்கள். தான் மட்டும்தான் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். கூட நான்கு பேரும் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். பூங்காவில் நண்பர் கூட்டத்துக்கும் இதுதான் நடக்கும், அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று இவனும், இவன் பார்ப்பான் என்று அவனும்.

அதனால் வாய்விட்டுக் கைமாற்றுங்கள். "நான் டிக்கெட் எடுக்கப் போறேன், நீ இவளைப் பார்த்துக்கோ" என்று சொன்னால் போதாது, எதிராளி "சரி, நான் பார்த்துக்கிறேன்" என்று பதில் சொன்ன பிறகுதான் நகர வேண்டும். நீச்சல் குளமோ நீரூற்றோ இருந்தால் அங்கே பார்த்துக்கொள்பவரின் கையில் போன் இருக்கக் கூடாது, சின்னக் குழந்தை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தமே போடாது.

ரயிலிலும் லிஃப்டிலும் ஏறும்போது முதலில் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் குழந்தைகள். கதவு மூடிக் கூட்டம் பிரிந்துவிட்டால் ரயிலில் இருப்பவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்பார்கள், விடுபட்டவர்கள் அங்கே வருவார்கள்: இதை முதல் நாளே பேசிவைத்துவிடுங்கள். தினமும் காலையில் கிளம்பும் முன் எல்லாக் குழந்தைகளையும் ஒரு படம் எடுங்கள், அன்றைய சட்டையின் நிறத்தோடு. முன்கையின் உட்புறத்தில் பேனாவால் போன் நம்பர். பேசத் தெரிந்த குழந்தைக்கு, தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், அப்பா அம்மா வந்து கண்டுபிடிப்போம் என்று சொல்லிக்கொடுங்கள், விளையாட்டாக ஒரு முறை செய்தும் பாருங்கள்.

படி 8: ஊருக்குள்

பசிப்பதற்கு முன்பே சாப்பிடுங்கள், கூட்டம் வருவதற்கு முன்பே உணவகத்தில் உட்காருங்கள். மற்றபடி குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். பாலத்துக்குக் கீழே போகும் படகையோ தெருவில் பள்ளம் தோண்டும் இயந்திரத்தையோ அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் அதுவும் ஊர் பார்த்ததுதான், புகழ்பெற்ற கட்டடம் ஒன்று விட்டுப்போனால் போகட்டும். பிள்ளைகள் ஓரிடத்தில் ஒன்றாக விளையாட ஆரம்பித்துவிட்டால் தயவுசெய்து கிளப்பாதீர்கள், அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கும் உட்கார்ந்து பேசக் கிடைத்தது.

படி 9: திரும்புதல்

கடைசி நாளில் புதிய இடம் எதுவும் வேண்டாம். காலையில் பக்கத்துப் பூங்கா, பிறகு பெட்டி கட்டுதல், இருட்டுவதற்குள் வீடு. அறையைக் காலி செய்யும் முன் கட்டிலுக்கு அடியிலும் போர்வை மடிப்புகளிலும் பாருங்கள், அந்தப் பொம்மை அங்கேதான் கிடக்கும். கணக்கைத் திரும்பும் வழியிலேயே தீர்த்துவிடுங்கள், படங்களையும் அன்றிரவே பகிர்ந்துவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு ஊர் தேடும் பொறுப்பு யாருக்கு என்பதை மட்டும் பிரிவதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள், தேதி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.