தெர்மாமீட்டர் 33 காட்டியும் குஞ்சுகள் நடுங்கின

பல்லடம் பக்கம், மார்கழிப் பனியில் பிராய்லர் குஞ்சு இறக்கியிருந்தோம். இருட்டினால் போதும், எல்லாம் புரூடர் வளையத்தின் (பல்ப் சூட்டில் குஞ்சுகளை வைக்கும் வட்டத் தடுப்பு) கிழக்கு ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொள்ளும். தீவனம் அப்படியே கிடக்கும். விடிந்தால் அடியில் நசுங்கிச் செத்தவை சில. தெர்மாமீட்டரோ முதல் வாரத்துக்கு வேண்டிய 33 டிகிரியைக் காட்டியது.

பல்ப் கூட்டினோம், மாற்றமில்லை. கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவை மேல்வரை இழுத்து மூடினோம்; விடிவதற்குள் அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது, தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளும் நசநசத்துவிட்டது. நோயோ என்று மருந்தும் கொடுத்தோம். தண்டச் செலவு.

அப்புறம் ஒரு குஞ்சின் காலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சரி, குளிர் தரையில்தான் என்று ஊதுபத்தி கொளுத்தி, தரையை ஒட்டிப் பிடித்தேன். புகை மேலே எழாமல் கிழக்கே படுத்து ஓடியது. மேற்குப் பக்கம் படுதாவின் அடிவிளிம்புக்கும் குட்டைச்சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடுக்கு! நின்றபடி பார்த்தால் கண்ணில் படாது.

அதில் சாக்கை மடித்து அடைத்தோம். நெடி வெளியேற மேலே ஒரு சாண் திறந்துவிட்டோம். ஈர நார்த்தூளை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பினோம். அன்றிரவே குஞ்சுகள் வளையம் முழுக்கப் பரவிப் படுத்தன, அப்பாடா என்றிருந்தது. இரண்டாம் வாரம் வழக்கம்போல 3 டிகிரி குறைத்தோம்.