இனிஷியலில் இருந்து ஆரம்பியுங்கள்: ஊரில் இருந்தபடியே லிங்க்ட்இன், வாட்ஸ்அப் வழியாக வேலை தேடுவது

பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான்கு வருடம் கணக்கு எழுதினேன். இப்போது திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த வேலை லிங்க்ட்இன் என்ற வேலைவாய்ப்புத் தளம் வழியாக வந்தது, யார் சிபாரிசும் கிடையாது. அன்றிலிருந்து ஊரில் பி.காம், டிப்ளமோ முடித்த தம்பி தங்கைகள் "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். கணக்கு தொடங்குவது, போட்டோ ஏற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. பெயர்

லிங்க்ட்இன்னில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வரும். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? இனிஷியல்தான். நான் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். ரெஸ்யூமில் இனிஷியல் முன்னால் இருந்தது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பின்னால். போதாததற்கு என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. மார்க் ஷீட்டில் அதை இசட், ஹெச் என்று எழுதியிருந்தார்கள், ஆதாரில் வெறும் எல்.

ஒரு கம்பெனியில் இரண்டு சுற்று இன்டர்வியூ முடிந்து, சான்றிதழ் சரிபார்க்கும்போது விஷயம் அப்படியே நின்றது. மூன்று இடத்தில் மூன்று பெயர், எது நீங்கள் என்று மெயில் வந்தது. கும்பகோணம் போய் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்புவதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஆங்கில எழுத்தை ஒன்றுவிடாமல் அப்படியே லிங்க்ட்இன்னிலும் ரெஸ்யூமிலும் மெயில் ஐடியிலும் போடுங்கள். கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியல் எழுத்து மட்டும் போதும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், ஆகவே விண்ணப்பம் கொடுக்கும் முன் எழுத்தை இன்னொருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ப்ரொஃபைல் இணைப்பில் வரும் எண் குவியலை எடுத்துவிட்டு அதே பெயரை வையுங்கள். ரெஸ்யூமில் அந்த இணைப்பு பார்க்க நன்றாக இருக்கும்.

2. பெயருக்குக் கீழே வரும் வரி

இதற்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. "வேலை தேடுகிறேன்" என்று எழுதி வீணாக்காதீர்கள். கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது "டேலி பிரைம்" (கணக்கு எழுதும் மென்பொருள்), "ஜிஎஸ்டி", "டிடிஎஸ்" (வரிப் பிடித்தம்) மாதிரியான சொற்களைத்தான். அவை அந்த வரியிலேயே இருக்க வேண்டும். அனுபவப் பகுதியிலும் "கணக்கு வேலை பார்த்தேன்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "மாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் 3பி, இரண்டையும் நானே தாக்கல் செய்தேன்" என்று எழுதுங்கள் (இரண்டும் ஜிஎஸ்டி கணக்குப் படிவங்கள்).

3. ஊர்

கிராமத்தின் பெயரை மட்டும் போட்டால் தேடுபவர் கண்ணில் படுவது கஷ்டம். 'ஓபன் டு வொர்க்' பகுதிக்குப் போய், போகத் தயாராக இருக்கும் ஊர்களைச் சேருங்கள். திருச்சி, சென்னை, கோவையோடு தஞ்சாவூரையும் சேருங்கள். அங்கே 2024-ல் டைடல் நியோ என்ற ஐடி பூங்கா திறந்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஓர் இடத்தில் வேலையில் இருப்பவர்கள் போட்டோவைச் சுற்றி எல்லோருக்கும் தெரிகிற பச்சை வளையத்தை வைக்காமல், ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

4. போஸ்ட்

நிறையப் பேர் இதற்குத்தான் தயங்குகிறார்கள். எனக்கு வேலை வந்தது ஒரே ஒரு போஸ்ட்டால்.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை லேபிள் ஒட்டிப் பேக் செய்த அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் கிடையாது. எங்கள் ஆலையில் 25 கிலோ சிப்பத்தை நிறுத்திவிட்டு 26 கிலோவுக்கு மாறினோம். ஆனால் கிடங்கில் பழைய சிப்பங்கள் அடுக்கி இருந்தன. அவற்றை டேலியில் தனிச் சரக்காகப் பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு வரி விகிதம் வைத்து எப்படி பில் போட்டேன் என்று பத்து வரியில் எழுதினேன், இலக்கணத் தப்போடு சாதாரண ஆங்கிலத்தில்தான். விருப்பக் குறி போட்டவர்கள் பதினேழு பேர். அதில் ஒருவர்தான் இப்போது என் மேலதிகாரி.

நீங்கள் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவராகவோ நர்ஸாகவோ இருக்கலாம். கையால் செய்த ஒரு வேலையை எடுத்து, என்ன சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். தினமும் தத்துவம் பகிர்வதைவிட இது நூறு மடங்கு மேல்.

5. வாட்ஸ்அப், டெலிகிராம்

ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மாதிரி உள்ளூர் வேலைக்கு லிங்க்ட்இன் சரிப்படாது, வாட்ஸ்அப் குரூப்தான். எனக்கு டெலிகிராம் சேனல்கள் பிடிக்காது. பாதிக்கு மேல் பழைய விளம்பரம், எங்கிருந்து எடுத்தார்கள் என்றே தெரியாது. அதைவிடத் தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிந்து வைப்பது மேல், கட்டணம் கிடையாது.

ஆள் தேடும் கடைக்கார அண்ணன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ஆட்கள் தேவை, தொடர்புக்கு" என்று மட்டும் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். சம்பளம், வேலை நேரம், சாப்பாடு உண்டா, கடைசி பஸ்ஸுக்கு விடுவீர்களா, இவ்வளவும் எழுதுங்கள். மன்னார்குடியில் இருந்து வரும் பெண் கடைசி பஸ்ஸை வைத்துத்தான் முடிவெடுப்பாள்.

பிறகு சேர்த்தது

மயிலாடுதுறையில் இருந்து ஒருவர், சான்றிதழில் நாகப்பட்டினம் மாவட்டம் என்று இருக்கிறதே, சிக்கல் வருமா என்று கேட்டிருந்தார். வராது. 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது, அதற்கு முந்தைய சான்றிதழ்களில் அப்படித்தான் இருக்கும். இப்போதைய முகவரியில் புது மாவட்டத்தைப் போடுங்கள்.

இன்னும் சிலர் வெளிநாட்டு வேலை பற்றிக் கேட்டார்கள். அதற்கு மட்டும் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுங்கள். ஃபேஸ்புக்கில் வளைகுடா வேலை என்று விளம்பரம் பார்த்தால், அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கிளம்பாதீர்கள். அப்படி நம்பித் தாய்லாந்து போய், அங்கிருந்து கொண்டுபோகப்பட்டு மியான்மரில் சிக்கிய நம் ஊர்ப் பிள்ளைகளை 2022-ல் மீட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று நாள் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய ரசீது, பேசிய சாட், அந்த எண், எதையும் அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள், புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.